பரசுராமனின் இடது கால்

திருத்தணி மலைக்கு மோட்டார் பாதை வராத காலத்தில், படியேற முடியாதவர்களைச் சுமந்து ஏற்ற டோலிக்காரர்கள் இருந்தார்கள். ஒரு நீண்ட மூங்கில், அதிலிருந்து கயிற்றில் தொங்கும் ஒரு பலகை, மூங்கிலின் இரு முனையிலும் இரண்டு தோள், இவ்வளவுதான் டோலி. பலகையில் உட்கார்ந்தவர்கள் வழிநெடுக முருகா முருகா என்று கூப்பிடுவார்கள். தூக்குகிறவர்கள் கூப்பிட மாட்டார்கள். பக்தி குறைவு என்பதல்ல. மூச்சு வேறு வேலைக்கு வேண்டியிருந்தது.

கஜபதி அவர்களில் ஒருவன். கே.ஜி.கண்டிகையில் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்த குடும்பம். மழை பொய்த்த ஒரு வருஷம், ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தில் நாலு பேரைத் தூக்கிவிட்டு அரிசியோடு திரும்பலாம் என்று வந்தவன். திரும்பவில்லை. அடிவாரத்திலேயே குடிசை போட்டு, அன்னம்மாளைக் கட்டிக்கொண்டு, அங்கேயே நின்றுவிட்டான். ஆள் பனைமர உயரம். பேச்சு மட்டும் அந்த உயரத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாமல் குட்டையாக இருக்கும். பிடித்தால் பிடித்ததுதான். "இந்தாள்கிட்ட ஒரு வார்த்த வாங்கறதும் கல்லுல நார் உரிக்கறதும் ஒண்ணு" என்பாள் அன்னம்மாள்.

டோலியில் உயரமானவன் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நிற்க வேண்டும். ஏறும்போது பின்னால், இறங்கும்போது முன்னால். அப்போதுதான் மூங்கில் சரியாது. கஜபதியின் ஜோடி பரசுராமன். கஜபதியின் தோளுக்குத்தான் இருப்பான், வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு. ஏறும்போது பரசுராமன் முன்னால் போவான். தொங்கும் பலகைக்கு அடியில், பின்னால் வருகிறவனுக்குக் கண்ணெதிரே தெரிவது முன்னவனுடைய இரண்டு கால்கள்தான். வருஷக்கணக்காக அந்தக் கால்களைப் பார்த்தபடியே கஜபதி மலையேறினான். வலது கால் எங்கே தயங்கும், இடது ஆடுசதை எப்போது இறுகும், எல்லாம் அத்துபடி. பரசுராமன் முகத்தைவிட அவன் காலைத்தான் கஜபதிக்கு நன்றாக அடையாளம் தெரியும் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். கேலியில் பொய் இல்லை.

டோலிக்காரர்களுக்குள் ஒரு முறை இருந்தது. கடைசி நடை முடிந்ததும் சரவணப் பொய்கைக் கரையில் ஜோடி ஜோடியாக உட்காருவார்கள். ஒருவன் காலை இன்னொருவன் மடியில் போட்டுக்கொண்டு, நல்லெண்ணெய் தொட்டு, கணுக்காலிலிருந்து தொடை வரைக்கும் உருவி விடுவான். எப்போதும் கீழிருந்து மேலாக, கட்டி நின்ற ரத்தம் கலைகிற மாதிரி. அடுத்த நாள் கால் எழும்ப வேண்டுமே. ஒரு டோலிக்காரன் காலை அவன் ஜோடி தவிர வேறு யாரும் தொடக் கூடாது. பெண்டாட்டிகூடத் தொடக் கூடாது. உருவ மாட்டேன் என்று ஜோடி சொல்லிவிட்டால் ஜோடி முறிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்தக் காலை யார் வேண்டுமானாலும் மடியில் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு தடவை, கஜபதியின் தங்கை கல்யாணத்தில் சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று பரசுராமன் பந்தியிலேயே சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அடுத்த அறுவடை வரைக்கும் இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஆனாலும் ஒரு நாள் தவறாமல் கால் உருவிக்கொண்டார்கள். கஜபதியின் கட்டைவிரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாக இறங்கும். பரசுராமன் பல்லைக் கடித்துக்கொள்வான். அவ்வளவுதான் சண்டை.

யுத்தத்தின் கடைசி மார்கழியில் காய்ச்சல் வந்தது. அரக்கோணத்தில் ஏரோப்ளேன் இறங்குவதற்குப் பட்டாளத்துக்காரர்கள் மைதானம் போட்டிருந்தார்கள். காய்ச்சலும் அங்கேதான் ரயிலேறியது என்று ஊரில் பேச்சு. பட்டாளத்துக் காய்ச்சல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். படித்தவர்கள் இன்புளூயன்சா என்றார்கள். எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அது வந்தது. அம்மையார்குப்பத்தில் பாதித் தறிகள் சத்தமில்லாமல் கிடந்தன. வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்த ஒரு காண்ட்ராக்டரை மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்த இரண்டொரு நாளில் பரசுராமன் படுத்தான். கஜபதிக்கு மூக்கு ஒழுகியதோடு சரி.

பரசுராமனின் மனைவி கெங்கம்மாள், காய்ச்சல்காரனுக்குச் செய்ய வேண்டியது என்று ஊருக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தாள். கஞ்சி கிடையாது, தண்ணீர் கிடையாது. லங்கணம் போட்டால் சுரம் பட்டினி தாங்காமல் ஓடிவிடும் என்பது அவள் தாயார் காலத்திலிருந்து வந்த கணக்கு. நாக்கு வறண்டு அவன் கேட்டால் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிட்டாள். காற்றுப் படாமல் கதவைச் சாத்தி, கம்பளியைக் கழுத்து வரை போர்த்தி, புரளக்கூட விடாமல் பார்த்துக்கொண்டாள். ஒரு வாரத்துக்கும் மேலாக அவன் வெட்டிப் போட்ட மரமாகக் கிடந்தான். சுரம் விட்டது. கெங்கம்மாள் வாசலில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மறுநாள் இடது கால் வீங்கியது.

கஜபதி பார்க்க வந்தபோது பரசுராமன் கன்னம் ஒட்டிப் படுத்திருந்தான். வாய் மட்டும் பிழைத்திருந்தது. "வயித்துக்கு ஒரு பருக்கை இல்ல. இந்தக் காலு மட்டும் எங்கியோ போயி விருந்து துன்னுட்டு வந்துகீது பாரு" என்று காலைக் காட்டினான்.

கஜபதி குனிந்து பார்த்தான். தோல் இழுத்துக் கட்டிய மாதிரி பளபளத்தது. ஆடுசதை கல்லாக இருந்தது. பாதத்தை மேல்பக்கம் மடக்கினால் பரசுராமன் அலறினான். அந்தக் காலை அப்படி ஒரு கோலத்தில் கஜபதி பார்த்ததேயில்லை. மனசு கலங்கிப் போனான். ஆனால் இறுகிய ஆடுசதைக்கு என்ன செய்வது என்பதில் அவனுக்குச் சந்தேகம் கிடையாது. அவன் வாழ்நாளெல்லாம் அதைத்தான் செய்திருக்கிறான்.

"படுத்தே கெடந்தா ரத்தம் கட்டிக்காம பின்ன இன்னா ஆவும்? எண்ணெ எடுத்தாம்மா" என்றான்.

கெங்கம்மாள் தயங்கினாள். "தொட்டா நெருப்பா சுடுதுண்ணா. நாலு நாளு போவட்டும். நொச்சி எல வதக்கிக் கட்டிப் பாக்கறேன்."

"எலைக்கு இன்னா தெரியும் இந்தக் காலப் பத்தி?" என்றான் கஜபதி. அவன் வாயில் அதுவே பெரிய பேச்சு. கெங்கம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

கணுக்காலில் ஆரம்பித்து, இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்து, தொடை வரைக்கும் உருவினான். பரசுராமன் கத்தினான், பாயைப் பிறாண்டினான், கஜபதியின் வம்சத்தையே திட்டினான். கஜபதி விடவில்லை. கை ஓய்ந்தபோது பரசுராமன் "அப்பாடா" என்று கண்ணை மூடினான். கொஞ்சம் லேசாக இருப்பதாகச் சொன்னான். கஜபதி கையைக் கழுவிக்கொண்டு, சொந்தப் பிள்ளைக்குச் சோறூட்டிவிட்டு வந்தவன் மாதிரி வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலையில் பல் விளக்க எழுந்து உட்கார்ந்த பரசுராமன் விலாவைப் பிடித்துக்கொண்டு மடங்கினான். மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. இருமினான், கெங்கம்மாள் ஏந்திய சொம்பில் ரத்தம் விழுந்தது.

டோலிக்காரர்கள் ஓடி வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் மூத்தவர் வேடியப்பன். மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். அவரும் கஜபதியும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துப் பரசுராமனை ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆயுள் முழுக்க டோலி தூக்கியவன் டோலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "இன்னாமா... ஆட்றீங்கடா" என்று மூச்சு கிடைத்த இடைவெளியில் குறை சொன்னான். ரயில் வருகிற வரைக்கும் கஜபதி பிளாட்பாரத்தில் எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தான். டோலியையும் ரயிலில் ஏற்ற வேண்டும் என்று கார்டிடம் சண்டைக்குப் போனான். அவ்வளவு பயம் அவனுக்கு.

அரக்கோணத்தில் டாக்டர் பக்தவச்சலம் தன் வீட்டின் பின்கட்டில் நாலு கட்டில் போட்டு வைத்தியம் பார்த்துவந்தார். அந்த மாதம் நாலிலும் காய்ச்சல்காரர்கள். ஒருவரை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பரசுராமனைப் படுக்க வைத்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். காலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இந்தக் காலை யாராவது உருவினீங்களா?" என்று கேட்டார்.

"ஆங். நான்தாங்க" என்றான் கஜபதி. கேட்ட கேள்வியில் பாராட்டு இருப்பதாக அவனுக்குத் தோன்றியது. "நல்லாவே உருவினேங்க."

டாக்டர் அவனைப் பார்த்தார். திட்டப் போகிறவர் மாதிரிதான் இருந்தார்; திட்டவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கெங்கம்மாளுக்கும் புரியும்படி மெதுவாகச் சொன்னார்.

"இந்தச் சுரம் வந்தவங்க சில பேருக்கு ரத்தம் தடிச்சுப் போகும். தண்ணி குடிக்காம, அசையாம கிடந்தா இன்னும் தடிக்கும். இவன் காலுக்குள்ள போற குழாய்ல ரத்தம் தயிர் மாதிரி உறைஞ்சு அடைச்சிருக்கு. அதனாலதான் வீக்கம். நீ உருவினப்போ அதுல ஒரு துண்டு பிச்சுக்கிட்டு மேலே ஏறி, இருதயம் வழியா நுரையீரலுக்குப் போய் அடைச்சிருக்குன்னு நினைக்கிறேன். சின்னத் துண்டு. அதனாலதான் ஆளு இருக்கான்."

"மிச்சம்?" என்று கேட்டாள் கெங்கம்மாள்.

"மிச்சம் கால்லதான் இருக்கு. பெரிசு."

"அது போனா?"

"போனா என்கிட்ட மருந்து இல்லைம்மா. ரத்தம் உறையாம இருக்க ஒரு ஊசி இருக்குன்னு புஸ்தகத்துல படிச்சிருக்கேன். இந்த யுத்தத்துல அதுக்கு நான் எங்கே போவேன்? அந்தத் துண்டு இருக்கிற இடத்துலயே ஒட்டிக் காய்ஞ்சு போகணும். ஒன்றரை மாசம் ஆகும். அதுவரைக்கும் யாரும் இந்தக் காலைத் தொடக் கூடாது. பிடிக்கக் கூடாது, உருவக் கூடாது, எண்ணெய் வாசனையே இங்கே வரக் கூடாது." கஜபதியின் பக்கம் திரும்பினார். "தெரியாம செஞ்சது. அதை விடு. இனிமே தெரியும்."

கஜபதி பின்கட்டைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போனான். தன் கைகளைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. தண்ணீர் இறைத்து இறைத்துக் கழுவினான். எண்ணெய்ப் பிசுக்கு போய் வெகு நேரமான பின்பும் கழுவிக்கொண்டிருந்தான்.

கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். வீங்கிய காலின் இரு புறமும் மணல் மூட்டை. முன்பு தண்ணீர் கொடுக்காமல் இருந்த கெங்கம்மாள் இப்போது மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தாள். கஜபதி ஊருக்குத் திரும்பவில்லை. கட்டிலின் கால்மாட்டில், தரையில், ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டான். யார் அந்தக் காலை நெருங்கினாலும் எழுந்து நின்றான். அந்த உயரத்துக்கு ஒருவன் எழுந்து நின்றால் போதும். வாய் திறக்க வேண்டியதில்லை.

எல்லோரிடமிருந்தும் காத்துவிடலாம். பரசுராமனிடமிருந்து எப்படிக் காப்பது? வலி அவனைப் பிடுங்கித் தின்றது. டாக்டர் சொன்னது எதையும் அவன் நம்பவில்லை. காலில் இருக்கிற தயிர் நெஞ்சுக்கு ஏறுமாம். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் சொல்கிறவனுக்கு என்ன? அவனுக்குத் தெரிந்ததெல்லாம், உருவிய அன்று வலி குறைந்தது, உருவாத இன்று கொல்கிறது.

"ஒரே ஒரு தபா, டேய்" என்பான். "மெதுவா. சும்மா கைய வையி போதும்."

"நான் உருவித்தான்டா உனுக்கு ரத்தம் வந்துச்சி."

"ரத்தம் காச்சலுக்கு வந்துச்சி. நீ டாக்டருக்குப் பயந்துகினு கத வுட்ற."

கஜபதி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வான். அந்தக் கைகளுக்கு அந்தக் காலைத் தெரியும். பார்த்ததும் தாமாகவே போகும். சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டமான வேலை என்று அவன் அதுவரை நினைத்ததில்லை. ஆளைத் தூக்கிக்கொண்டு மலையேறுவது அதற்கு எவ்வளவோ மேல்.

ஒருநாள் மத்தியானம், விசிறிக்கொண்டிருந்த கெங்கம்மாள், புருஷன் முனகுவதைத் தாங்காமல் தன்னையறியாமல் அந்தக் காலைப் பிடிக்கக் கை நீட்டினாள். கஜபதி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான். பிறகு தான் என்ன செய்தோம் என்று உணர்ந்து, சுட்டது போல் விட்டுவிட்டு, நாலு அடி தள்ளிப் போய் நின்றான். "தப்பா எடுத்துக்காதம்மா" என்றான். அவளுக்கே எதை நம்புவது என்று தெரியாத நாட்கள் அவை. டாக்டர் படித்தவர்தான். ஆனால் உருவினால் கால் சரியாவதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

பொங்கல் கழிந்த வாரத்தில் வேடியப்பன் மேஸ்திரி நாலு ஆட்களோடு ரயிலேறி வந்தார். கையில் ஒரு புட்டி. டாக்டர் யாரோ ஒரு நோயாளியைப் பார்க்க வெளியே போயிருந்தார். மேஸ்திரி நல்ல மனுஷர். பரசுராமன் படும் பாட்டைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் பரசுராமன் அழ ஆரம்பித்தான்.

"வந்த நாளா கால தொடல மேஸ்திரி. நாய் மாதிரி காலடியில குந்திகினு கீறான். தொட மாட்டேங்கறான்."

மேஸ்திரி கஜபதியின் பக்கம் திரும்பினார். "இன்னா நைனா இது? முற தெரியாதவனா நீ? ஜோடி காலு வலிக்கிது, கைய கட்டிகினு குந்தினு கீற?"

"டாக்டரு வேணான்னாரு மேஸ்திரி. உருவினா செத்துருவான்."

"டாக்டரு டோலி தூக்கினாரா?" என்றார் மேஸ்திரி. கோபமாகச் சொல்லவில்லை, நியாயம் சொல்கிற குரலில்தான் சொன்னார். "நம்ம காலு நமக்குத் தெரியாதா? ஒரே பேச்சு சொல்லு. உருவறியா, மாட்டியா? மாட்டேன்னா முறிஞ்சுதுன்னு சொல்லிடு. நான் உருவறேன். எண்ணெ எடுத்துகினு வந்துகீறேன்."

கஜபதி எழுந்து நின்றான். இந்தத் தடவை உயரம் உதவவில்லை; வந்தவர்கள் ஐந்து பேர், எல்லோரும் மலைக்கு ஆள் தூக்கித் தூக்கி இறுகிய தோள்காரர்கள். உருவ மாட்டேன் என்றால் அடுத்த நிமிஷம் பரசுராமன் கால் மேஸ்திரி மடியில் இருக்கும். உருவுகிறேன் என்றால் தன் மடியில். இரண்டுக்கும் நடுவில் வழி இருப்பதாகத் தெரியவில்லை. அந்தப் பெரிய துண்டு அந்தக் காலுக்குள் எங்கோ பொறுமையாகக் காத்திருந்தது.

பொய் சொல்லிப் பழகாதவன் முதல் பொய்யையே பெரிதாகச் சொன்னான்.

"எனக்கு வேண்டுதல் கீது" என்றான். "பங்குனி உத்தரம் வரிக்கும் கை எண்ணெ தொடாதுன்னு சாமிக்கு வேண்டிகினு கீறேன்."

எல்லோரும் அடங்கிவிட்டார்கள். டோலிக்காரர்களின் முறையில் வேண்டுதலுக்கு மட்டும் விலக்கு உண்டு. காவடிக்கு விரதம் இருப்பவன் எண்ணெய் தொட மாட்டான். அவன் ஜோடி அதுவரைக்கும் வலியோடு காத்திருக்க வேண்டும். ஜோடியும் முறியாது, வேறு கையும் படக் கூடாது. வேடியப்பனே ஒரு தடவை அப்படிக் காத்திருந்தவர்.

ஆனால் அவர் ஒன்றும் விவரம் தெரியாதவரல்ல. "எப்ப வேண்டிகின?"

"இவன் ரத்தம் கக்கின அன்னிக்கு. ஸ்டேஷன்ல."

"நானும்தான் ஸ்டேஷன்ல இருந்தேன். நான் கேக்கலியே." மேஸ்திரி கெங்கம்மாளைப் பார்த்தார். "ஏம்மா, நீ கேட்டியா?"

கெங்கம்மாளும் ஸ்டேஷனில்தான் இருந்தாள். புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு, கஜபதி கார்டோடு மல்லுக்கு நின்றது நன்றாக ஞாபகம் இருந்தது. வேண்டுதல் எதையும் அவள் கேட்கவில்லை. கட்டிலில் புருஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் கேட்கிற உருவு அவனுக்குக் கிடைத்துவிடும். கஜபதி அவளைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு தடவை தப்புச் செய்துவிட்டு, அதற்குப் பிறகு சாக்கில் உட்கார்ந்து தூங்குகிற ஒரு மனுஷனின் கைகள்.

"ஆங்" என்றாள் கெங்கம்மாள். "கேட்டேன். அழுதுகினே வேண்டிகினாரு."

மேஸ்திரி புட்டியை மடியில் செருகிக்கொண்டார். சாமி சமாச்சாரம் என்றால் அதற்கு மேல் அவர் பேச மாட்டார். பரசுராமன் மட்டும், "என் காலு போவுது, இவனுக்கு வேண்டுதலா?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்றோடு கஜபதியிடம் பேச்சை நிறுத்தினான். கஜபதிக்கு அது வலித்தது. ஆனாலும் சாக்கை மடிக்கவில்லை.

ஒன்றரை மாதமும் கழிந்தது. நெஞ்சுவலி விட்டது, இருமலில் ரத்தம் நின்றது. டாக்டர் பக்தவச்சலம் பரசுராமனைப் பிடித்து நிறுத்தி, பின்கட்டிலிருந்து முன்கட்டு வரை நடக்க வைத்தார். "உயிருக்கு இருந்த கண்டம் பெரும்பாலும் தாண்டியாச்சு. கால் இப்படித்தான் இருக்கும், வீக்கம் முழுசா வடியாது. சுமை மட்டும் தூக்காதே" என்றார். பரசுராமன் அதைக் கேட்டுவிட்டுக் கஜபதியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் நன்றி இல்லை.

கஜபதி ஊருக்கு வந்தான். அதற்குப் பிறகும் எண்ணெயைத் தொடவில்லை. அன்னம்மாளிடம் மட்டும் நடந்ததைச் சொல்லியிருந்தான். எண்ணெய் காணாமல் அவன் தலை துடைப்பமாகச் சிலிர்த்து நின்றதைப் பார்த்து அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"பொய்யாத்தானய்யா சொன்ன? அது பொய்யின்னு சாமிக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா இன்னும் மோசம்" என்றான் கஜபதி. சாமி பெயரைச் சொல்லித் தப்பித்தாயிற்று. சொன்னதைச் செய்துவிட்டால் பொய் உண்மையாகிவிடும் என்பது அவன் கணக்கு. பங்குனி உத்திரம் வரைக்கும் செய்தான்.

உத்திரம் கழிந்த சாயங்காலம் டோலிக்காரர்கள் பொய்கைக் கரையில் உட்கார்ந்திருந்தபோது பரசுராமன் தடியூன்றி வந்தான். இடது கால் வாழைத்தண்டாகப் பருத்திருந்தது. கஜபதிக்குச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். பரசுராமன் உட்காரவில்லை. அவர்கள் இருவரும் தூக்கிய மூங்கில் சுவரோரம் சாத்தியிருந்தது. ஒரு முனையைத் தன் தோளில் எடுத்துக்கொண்டு, "வா" என்பதுபோல் தலையசைத்தான். கஜபதி எழுந்து மறு முனையைத் தோளில் வாங்கினான்.

பரசுராமன் தன் முனையைத் தரையில் வைத்தான்.

மூங்கிலை முதலில் கீழே வைப்பவன் ஜோடியை முறிக்கிறவன். அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும். "காலு போவச்ச கைய கட்டிகினு குந்தியிருந்தவன்... எனக்கு ஜோடி இல்ல" என்றான் பரசுராமன். இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கித்தான் அதைச் சொல்லி முடிக்க முடிந்தது. பிறகு இருமிக்கொண்டே போய்விட்டான். கஜபதி ஒரு முனையைத் தோளில் வைத்தபடியே நின்றான். அவனுக்கு அழுகை வந்தது. அத்தனை பேர் நடுவில் அழவும் முடியவில்லை, தோளில் இருப்பதை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. கடைசியில் வேடியப்பன் எழுந்து வந்து வாங்கி வைத்தார்.

பரசுராமன் படி துவங்கும் இடத்தில் தேங்காய், கற்பூரம் விற்க உட்கார்ந்தான். கஜபதிக்குக் கண்ணையன் என்று ஒரு புது ஜோடி அமைந்தான். இளவயது, முன்கோபி. ஒவ்வொரு நடைக்கும் பரசுராமன் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் பரசுராமன் திட்டுவான். முதல் வருஷம் அந்தத் திட்டு பரிதாபமாக இருக்கும். "நெட்டக் கழுத" என்று ஆரம்பிப்பான், அதற்குள் மூச்சு இரைக்கும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுவான். மிச்சத்தைச் சொல்வதற்குள் டோலி பத்துப் படி ஏறியிருக்கும். அந்த இருமல் காதில் விழும்போதெல்லாம் கஜபதிக்கு மூங்கில் இரண்டு பங்கு கனக்கும். கெங்கம்மாள் எங்காவது எதிர்ப்பட்டால், "அவரு பேசறத மனசுல வச்சிக்காதண்ணா" என்பாள். "பேசட்டும்மா" என்பான். அடுத்த வருஷம் இருமல் கொஞ்சம் தள்ளிப் போனது. அதற்கடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம்.

சுதந்திரம் வந்து ஒரு வருஷமோ என்னவோ ஆகியிருக்கும். ஆடிக்கிருத்திகைக் கூட்டம். நகரியிலிருந்து வந்த பெரியம்மாள் ஒருத்தியை ஏற்றிக்கொண்டு கஜபதியும் கண்ணையனும் முதல் படியில் கால் வைத்தார்கள். கடையிலிருந்து குரல் வந்தது.

"அதோ போறான் பாரு நெட்டக் கழுத, கட்டின ஜோடி காலு அழுவிப் போவச்ச சாமி மேல பழிய போட்டுட்டு கைய தொடைக்கு அடியில வச்சிகினு குந்தியிருந்தவன், ஒரே ஒரு நாளு உருவினான், அந்த ஒரு நாள்லதான் இந்தப் பாதி காலாவது நின்னுச்சி, மிச்ச நாளும் உருவியிருந்தா நான் இன்னிக்கு இங்க கற்பூரம் வித்துகினு குந்தியிருப்பனா, ஏம்மா பெரியம்மா, இவன நம்பி ஏறாத, பாதிப் படியில இவனுக்கு வேண்டுதல் வந்துரும், உன்ன அப்பிடியே வச்சிட்டு சாமி கும்புடப் பூடுவான்..."

கூட்டம் சிரித்தது. கண்ணையனுக்குக் காது சிவந்தது. "எறக்குண்ணா டோலிய. இன்னிக்கி அவன நாலு வார்த்த கேட்டுட்டுத்தான் மேல ஏறுவேன்."

"இரு" என்றான் கஜபதி.

மூங்கிலைத் தோளில் வைத்தபடியே, கண்ணை மூடிக்கொண்டு, அவன் கேட்டுக்கொண்டு நின்றான். பலகையில் இருந்த பெரியம்மாள், "ஏம்ப்பா நின்னுட்டீங்க?" என்றாள். பரசுராமன் கஜபதியின் தங்கை கல்யாணத்துச் சாம்பார் வரைக்கும் போய், அதையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, சோடாக் கடைக்காரனைச் சாட்சிக்குக் கூப்பிட்டு முடித்தான்.

"எவ்ளோ பேசறான் பாத்தியாண்ணா?" என்றான் கண்ணையன்.

"பாத்தேன்" என்றான் கஜபதி. "ஒரு எடத்துல கூட மூச்சு வாங்கல. நட."